வீடு திரும்பிய பின்: எல்லைப்புற மலைநாட்டில் நாட்பட்ட நுரையீரல் நோயும் தொடர் கவனிப்பும்

மருத்துவமனையிலிருந்து நோயாளி விடுவிக்கப்படும் நாளே சிகிச்சை நிறைவுபெறும் நாள் என்று கருதுவது பொது வழக்கம். குணமாகி ஒழிந்துவிடும் நோய்களுக்கு இது பொருந்தலாம். வாழ்நாள் முழுவதும் உடனிருக்கும் நோய்களுக்குப் பொருந்தாது. அவற்றில் மருத்துவமனைவாசம் ஒரு நீண்ட பயணத்தின் இடைத் தங்கல் மட்டுமே. அத்தகைய நோய்களுள் முக்கியமானது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். சி.ஓ.பி.டி. என்ற சுருக்கப் பெயரால் மருத்துவர்கள் இதனைக் குறிப்பிடுவர்.

இந்நோயால் மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் கணிசமானோர், வீடு திரும்பிய ஒரு மாதத்திற்குள்ளாகவே மீண்டும் அதே படுக்கைக்கு வந்து சேர்கின்றனர். இதனைக் குறைக்க இயலுமா, இயலுமெனில் எவ்வாறு என்பது உலகெங்கும் ஆராயப்பட்டு வரும் கேள்வி. கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டிய மலைப்பகுதிகளில் இக்கேள்விக்குத் தனிப்பட்ட முக்கியத்துவம் உண்டு. தொலைவு, உயரம், மொழி, மாநில எல்லை ஆகிய நான்கும் அங்கே நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே நிற்கின்றன.

நோயின் இயல்பு

புகையும் தூசியும் நச்சு வாயுக்களும் ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிவதால் மூச்சுக் குழல்கள் தடித்துச் சுருங்குகின்றன. நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் சிதைகின்றன. உள்ளே சென்ற காற்று முழுமையாக வெளியேற இயலாமல் தங்கிவிடுகிறது. முதலில் மேட்டில் ஏறும்போது மட்டும் இளைக்கிறது. பின்னர் சமதரையில் நடக்கும்போதும், இறுதியில் உடை மாற்றும்போதும் இளைக்கிறது. ஆஸ்துமாவில் சிகிச்சைக்குப் பின் குழல்கள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். இந்நோயில் இழந்த திறன் முழுமையாகத் திரும்புவதில்லை. ஆழ மூச்சிழுத்து வேகமாக ஊதும்போது, வெளியேறும் மொத்தக் காற்றில் 70 சதவீதத்திற்குக் குறைவாகவே முதல் வினாடியில் வெளிவருமாயின் அடைப்பு உள்ளதென்று கொள்ளப்படுகிறது. இதனை அளக்கும் கருவி ஸ்பைரோமீட்டர்.

இந்நோய் சீராகத் தேய்ந்து செல்வதில்லை. சில மாதங்கள் ஒருவாறு அடங்கியிருந்து, சளித்தொற்றாலோ குளிராலோ புகையாலோ திடீரெனக் கடுமையாகிறது. அத்தகைய ஒவ்வொரு தாக்குதலும் நுரையீரலின் எஞ்சிய திறனில் ஒரு பகுதியைக் கொண்டுசெல்லக் கூடும். தாக்குதல் தணிந்து எட்டு வாரங்கள் ஆன பின்னரும், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பழைய நிலையை எட்டுவதில்லை என்று இந்நோய்க்கான உலகளாவிய வழிகாட்டுக் குழுவான ‘கோல்டு’ குறிப்பிடுகிறது. ஆகவே, வீடு திரும்பும் நோயாளி குணமடைந்தவர் அல்லர், குணமடையத் தொடங்கியிருப்பவர்.

இந்தியாவில் இந்நோயின் பரப்பு சிறியதன்று. 1990இல் 2 கோடியே 81 லட்சமாக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 2016இல் 5 கோடியே 53 லட்சமாக உயர்ந்ததென மாநில வாரியான நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. அந்த 2016ஆம் ஆண்டில் உலக மக்கள்தொகையில் 18 சதவீதம் பேரைக் கொண்டிருந்த இந்தியா, நாட்பட்ட மூச்சு நோய்களால் உலகம் இழந்த ஆரோக்கிய வாழ்நாளில் 32 சதவீதத்தைச் சுமந்தது. இந்தியாவில் சி.ஓ.பி.டி.யால் நேர்ந்த இழப்பில் 53.7 சதவீதம் காற்று மாசுக்கும், 25.4 சதவீதம் புகையிலைக்கும், 16.5 சதவீதம் தொழில்வழி வரும் தூசி, புகை முதலியவற்றுக்கும் உரியதென அதே ஆய்வு கணக்கிட்டது. புகைபிடிப்பவர்களின் நோய் என்ற எண்ணம் இந்நாட்டைப் பொறுத்தவரை பாதி உண்மையே. ஒருநாளும் பீடியைத் தொடாத பெண்கள் விறகடுப்பின் முன் அமர்ந்தே இந்நோய்க்கு ஆளாகின்றனர்.

மலையின் சூழ்நிலை

இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்று உருவாக்கப்பட்டது. இதன் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தேயிலையையும் ஏலக்காயையும் நம்பித் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் இடைப்பட்ட ஆனைக்கரை போன்ற ஊர்கள் ஏலத்தோட்டங்களின் நடுவே அமைந்தவை. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகளின் வழியே தேனி மாவட்டத்துக் கூலித் தொழிலாளர்கள் காலையில் ஜீப்புகளில் ஏறி வந்து மாலையில் இறங்கிச் செல்வது இப்பகுதியின் அன்றாடக் காட்சி.

நோய்க்கு ஏதுவான சூழல் இங்கே பல வடிவங்களில் உள்ளது. லயங்களின் சிறிய அறைகளில் குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துவிட்டு விறகு எரிப்பது நெடுங்காலப் பழக்கம். பச்சை ஏலக்காயை உலர்த்தும் கூடங்களில் வெப்பத்திற்கு விறகு எரிக்கப்பட்டு வந்துள்ளது. தேயிலைத் தொழிற்சாலைகளில் சலிப்புப் பிரிவில் தூசி மிகுதி. ஏலத்தோட்டங்களில் பூச்சிமருந்து தெளிப்பு அடிக்கடி நிகழ்வது. இவற்றுடன் பீடியும் சேர்கிறது. ஜூன் முதல் நீடிக்கும் மழையும் மார்கழிக் குளிரும் தொற்றுகளுக்கு இடம் கொடுக்கின்றன. 2016 மே 1 அன்று தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டம் ஏழைக் குடும்பங்களுக்குச் சமையல் எரிவாயு இணைப்பை அளித்தது. எனினும் தோட்டத்தில் விறகு இலவசமாகக் கிடைக்கும்வரை, இணைப்பு உள்ள வீட்டிலும் வெந்நீர் போடவும் குளிர்காயவும் விறகே எரிகிறது.

இம்மலைகளில் முதல் மருத்துவ வசதி தோட்டங்களின் வழியே வந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்க்கும் குடும்பத்தினர்க்கும் மருத்துவ வசதி செய்து தரவேண்டிய கடமையை நிர்வாகங்கள்மீது சுமத்தியது. ஆனால் 2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. அவற்றின் மருத்துவ வசதியும் உடன் மறைந்தது. தோட்டத்தோடு கட்டப்பட்ட மருத்துவம் தோட்டத்தின் கதியையே அடையும் என்பதற்கு இது சான்று.

முதல் முப்பது நாட்கள்

மூணாற்றை அடுத்த ஒரு லயத்தில் வாழும் முதிய தொழிலாளி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மழைக்காலத்தில் மூச்சுத்திணறல் முற்றி, தோட்ட ஆஸ்பத்திரியிலிருந்து கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்படுகிறார். ஆக்சிஜன், நெபுலைசர், ஸ்டீராய்டு, நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவற்றால் ஒரு வாரத்தில் தேறுகிறார். ஆங்கிலத்தில் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டுடனும் ஓர் இன்ஹேலருடனும் மலையேறுகிறார். ‘இரண்டு வாரம் கழித்து வரவும்’ என்பது சீட்டின் கடைசி வரி.

அவர் பெரும்பாலும் வருவதில்லை. அன்றைய கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். பேருந்தில் செல்வதே ஒரு முழு நாளை விழுங்கும். தேறிவிட்டோம் என்ற எண்ணமும் தடுக்கிறது. இன்ஹேலரை அழுத்தும் கணமும் மூச்சிழுக்கும் கணமும் பொருந்தாமல் மருந்து நாக்கிலேயே தங்கிவிடுகிறது. இன்ஹேலர் பயன்படுத்துவோரில் மூன்றில் இருவருக்கு மேல் ஏதேனும் ஒரு தவறு செய்வதாக ‘கோல்டு’ வழிகாட்டி கூறுகிறது. ‘இன்ஹேலர் பழகினால் விடமுடியாது’ என்று அண்டை வீட்டார் சொல்வதைக் கேட்டு அதனை ஒதுக்கிவைப்போரும் உண்டு. மறுபுறம், ஐந்து நாட்களுக்கு மட்டுமே தரப்படவேண்டிய ஸ்டீராய்டு மாத்திரை ‘நல்ல சுகம் தருகிறது’ என்ற காரணத்தால் கடையில் மீண்டும் மீண்டும் வாங்கப்படுகிறது. நாலாவது வாரத்தில் மறுபடியும் திணறல், மறுபடியும் ஜீப், மறுபடியும் நீண்ட மலையிறக்கம்.

இதில் எந்த ஓரிடத்திலும் பெரும் பிழை என்று எதுவும் இல்லை. பெரிய மருத்துவமனை தன் கடமையைச் செய்தது. நோயாளியும் தமக்குத் தெரிந்தவாறு நடந்துகொண்டார். இடைவெளியை நிரப்ப வேண்டியவர் எவர் என்பது மட்டும் எவராலும் தீர்மானிக்கப்படவில்லை.

ஆய்வுகள் கூறுவன

வீடு திரும்பியபின் மருத்துவரைச் சந்திப்பதால் பயனுண்டா என்பதற்கு அமெரிக்காவில் விரிவான கணக்குகள் உள்ளன. முதியோர்க்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேரின் 2003–2004ஆம் ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வின்படி, விடுவிக்கப்பட்டவர்களில் 19.6 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டனர். சி.ஓ.பி.டி. நோயாளிகளில் இவ்விகிதம் 22.6 சதவீதம். அறுவை அல்லாத சிகிச்சைக்குப் பின் 30 நாட்களுக்குள் திரும்பி வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, இடைக்காலத்தில் எந்த மருத்துவரையும் சந்தித்ததற்கான கட்டணப் பதிவே இல்லை.

2010இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இந்நோயை மட்டும் எடுத்துக்கொண்டது. 1996 முதல் 2006 வரை சி.ஓ.பி.டி.க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 62,746 மெடிகேர் பயனாளிகளில் 66.9 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் தம் வழக்கமான மருத்துவரையோ நுரையீரல் நிபுணரையோ சந்தித்திருந்தனர். அவ்வாறு சந்தித்தவர்களுக்கு அவசரப் பிரிவுக்கு வரும் அபாயம் 14 சதவீதமும், மீண்டும் சேர்க்கப்படும் அபாயம் 9 சதவீதமும் குறைவாக இருந்தன.

இப்பயன் உண்மையானது, ஆனால் அளவில் சிறியது. சந்திப்பு என்பது ஒரு வாய்ப்பு மட்டுமே. அந்த வாய்ப்பில் என்ன செய்யப்படுகிறது என்பதே முடிவை நிர்ணயிக்கிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 191 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளிவந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு மாத காலம் வாரந்தோறும் வீட்டிற்கே சென்று நோயாளிக்குக் கற்பித்தனர். பின்னர் மாதந்தோறும் தொலைபேசியில் தொடர்பு கொண்டனர். ஓராண்டில் நோய் முற்றியதால் மருத்துவமனையில் சேர்ந்த நிகழ்வுகள் 39.8 சதவீதம் குறைந்தன.

இத்தகைய திட்டங்கள் எல்லாம் நன்மையே தரும் என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 426 பேரிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான சோதனை, பாதியிலேயே நிறுத்தப்பட்டது. தாக்குதலை நோயாளியே உணர்ந்து மருந்து தொடங்கும் பயிற்சி பெற்ற பிரிவில் 28 பேரும், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 10 பேரும் இறந்திருந்தனர். இவ்வேறுபாட்டை ஆய்வாளர்களால் முழுமையாக விளக்க இயலவில்லை. 2018இல் அமெரிக்காவில் வெளியான மற்றொரு சோதனை, 240 நோயாளிகளிடம் மருத்துவமனையிலேயே தொடங்கும் மூன்று மாதத் துணைத் திட்டம் பெரும் பயன் அளித்ததாக அறிவித்தது. பின்னர் இரு பிரிவுகளின் குறியீடுகள் கணினியில் இடம் மாறிப் பதிவாகியிருந்தது தெரியவந்தது. 2019இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டுத் திருத்தி வெளியிடப்பட்டபோது முடிவு தலைகீழானது. துணைத் திட்டம் பெற்றவர்களுக்கு ஆறு மாதத்தில் சராசரி 1.40 அவசர நிகழ்வுகளும், பெறாதவர்களுக்கு 0.72 நிகழ்வுகளும் நேர்ந்திருந்தன.

இவற்றிலிருந்து நிர்வாகிகள் கொள்ளவேண்டிய பாடம் தெளிவு. ஒரு திட்டம் நல்லெண்ணத்துடன் வகுக்கப்பட்டது என்பதாலேயே அது நன்மை செய்யும் என்று கொள்ளலாகாது. தொடங்கும் நாளிலேயே அளவிடத் தொடங்க வேண்டும். அளவிடும்போது மறுசேர்க்கையை மட்டுமின்றி மரணத்தையும் எண்ண வேண்டும்.

எண்ணிக்கை ஏமாற்றும் இடம்

அமெரிக்காவில் 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திட்டம், மறுசேர்க்கை மிகுந்த மருத்துவமனைகளுக்கு அரசு தரும் தொகையைக் குறைத்தது. 2014 அக்டோபர் முதல் சி.ஓ.பி.டி.யும் அதில் சேர்க்கப்பட்டது. மருத்துவமனை எளிதில் எட்டும் இடத்தில் உள்ள நாட்டில் மறுசேர்க்கை என்பது குறைபாட்டின் அடையாளமாகலாம். மலைநாட்டில் அதே எண்ணை அதே பொருளில் படிக்க இயலாது. மழையில் மண் சரிந்து சாலை அடைபட்ட மாதத்தில் மறுசேர்க்கை குறைந்திருந்தால், மக்கள் நலமாயிருந்தனர் என்று பொருளாகாது. வர இயலாமல் வீட்டிலேயே திணறினர் என்றும் பொருளாகலாம். ஆகவே இங்கு முதலில் எண்ணத்தக்கது, விடுவிக்கப்பட்ட நூறு பேரில் எத்தனை பேரை ஒரு மருத்துவரோ செவிலியரோ குறித்த நாளுக்குள் நேரில் பார்த்தார் என்பதே.

தொலைவு, உயரம், எல்லை

தொலைவு கண்ணுக்குத் தெரிந்த தடை. குமுளியிலிருந்து கோட்டயம் சுமார் 110 கி.மீ.; மூணாற்றிலிருந்து கொச்சி சுமார் 130 கி.மீ. இடுக்கி மாவட்டத்திற்கு இரயில் பாதை இல்லை. பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்து மக்கள் தம் மாவட்டத் தலைநகருக்கு வரப் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுச் சாலையையே நெடுங்காலம் நம்பியிருந்தனர்.

உயரம் அவ்வளவாகக் கவனிக்கப்படாத தடை. கோட்டயம் கடல்மட்டத்தை ஒட்டியது. மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதற்கேற்ப ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. சமவெளி வார்டில் அளந்தபோது போதுமானதாயிருந்த இரத்த ஆக்சிஜன் அளவு, வீட்டை அடைந்ததும் போதாமற்போகக் கூடும். ஆதலால் மலையேறும் நோயாளியின் ஆக்சிஜன் அளவை அவர் வாழும் உயரத்தில் மீண்டும் அளப்பது அவசியம். விரலில் மாட்டும் ஒரு சிறு கருவி இதற்குப் போதும். இவ்வளவு எளிய ஒரு சோதனைக்காக நோயாளியைச் சமவெளிக்கு அழைப்பது பொருளற்றது. அங்கே அளந்தால் தவறான விடையே கிடைக்கும்.

மூன்றாவது தடை மாநில எல்லை. உத்தமபாளையம் வட்டத்துக் கூலித் தொழிலாளி வண்டன்மேட்டில் வேலை செய்யும்போது திணறி விழுந்தால், கேரள மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். வீடு திரும்புவதோ தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லைக்குள். மூணாற்றுத் தொழிலாளி தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தால் இதன் மறுதலை நிகழ்கிறது. பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதி மக்களுக்குக் கோவையும், அட்டப்பாடி மக்களுக்கு ஆனைகட்டி வழியாக மீண்டும் கோவையும் அருகில் உள்ள பெருநகரம். நோயாளிக்கு எல்லை ஒரு பொருட்டன்று. பதிவேடு மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது.

மொழியும் இதனுடன் சேர்கிறது. ஆங்கிலச் சீட்டு, மலையாள விளக்கம், தமிழ் நோயாளி என்ற நிலையில், ‘எந்த மருந்தை எப்போது நிறுத்துவது’ என்ற ஒரே செய்தி மூன்று இடங்களில் தேய்ந்து போகிறது.

ஒரு சந்திப்பில் செய்யத்தக்கவை

வீடு திரும்பிய ஒன்று முதல் நான்கு வாரங்களுக்குள் ஒரு முறையும், 12 முதல் 16 வாரங்களுக்குள் மற்றொரு முறையும் நோயாளியைப் பார்க்க வேண்டும் என்பது ‘கோல்டு’ பரிந்துரை. முதல் சந்திப்பில் பின்வருவன செய்யப்பட வேண்டும்.

முதலாவதாக, நோயாளி தம் கையால் இன்ஹேலரை இயக்கிக் காட்ட வேண்டும். ‘தெரியுமா?’ என்று கேட்டால் ‘தெரியும்’ என்றே விடை வரும். கைகளில் வலுவில்லாதவர்க்கு இடைக்குழாய் பொருத்திக் கொடுப்பது பயன் தரும். இரண்டாவதாக, எல்லா மருந்துகளையும் பையோடு கொண்டுவரச் செய்து, தொடர வேண்டியவற்றையும் நிறுத்த வேண்டியவற்றையும் பிரிக்க வேண்டும். குறிப்பாக ஸ்டீராய்டு மாத்திரை நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, ஆக்சிஜன் அளவும் நடக்கும் திறனும் அறியப்பட வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் தொடங்கப்பட்டிருந்தால் 60 முதல் 90 நாட்களுக்குள் அதன் தேவை மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும். தேவைப்படுவோர்க்கு அது உயிர் காப்பது. 1981இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் நாளொன்றுக்கு 15 மணி நேரமாவது ஆக்சிஜன் பெற்ற 42 பேரில் 19 பேரும், பெறாத 45 பேரில் 30 பேரும் ஐந்தாண்டுகளில் இறந்தனர்.

நான்காவதாக, இருதய நோய், நீரிழிவு, காசம் ஆகியவை உடனுள்ளனவா என்று ஆராய வேண்டும். பழைய காசத்தால் வடுப்பட்ட நுரையீரலும் இதே அறிகுறிகளைக் காட்டும்; சளிப் பரிசோதனையை மறத்தலாகாது. ஐந்தாவதாக, பீடியை விடுவதற்கான துணையும், வீட்டு அடுப்பின் புகை பற்றிய விசாரணையும் இடம்பெற வேண்டும். ஆறாவதாக, சளியின் நிறம் மாறினாலோ இளைப்பு கூடினாலோ எவரிடம் உடனே செல்ல வேண்டும் என்பது நோயாளியின் மொழியில் ஒரே தாளில் எழுதித் தரப்பட வேண்டும். தாமே மருந்தைக் கூட்டிக்கொள்ளச் சொல்வதைவிட, உரியவரை விரைவில் அணுகச் சொல்வதே மேற்கண்ட சோதனைகளின் வெளிச்சத்தில் பாதுகாப்பானது.

இவற்றுடன் மூச்சுப் பயிற்சியும் நடைப்பயிற்சியும் அடங்கிய மறுவாழ்வுத் திட்டம் முக்கியம். மெடிகேர் நோயாளிகள் 1,97,376 பேரைப் பற்றி 2020இல் வெளியான ஆய்வில், 90 நாட்களுக்குள் இப்பயிற்சியைத் தொடங்கியவர்களில் ஓராண்டில் இறந்தோர் 7.3 சதவீதம், ஏனையோரில் 19.6 சதவீதம். பயிற்சிக்கு வந்தோர் ஓரளவு உடல் வலுவுள்ளவராயிருந்திருக்கலாம் என்பதையும் கருத வேண்டும். எனினும் வசதி மிக்க அந்நாட்டிலேயே தொடங்கியவர் 1.5 சதவீதம்தான் என்பது, வழி தெரிந்தும் செல்லப்படாத நிலையைக் காட்டுகிறது.

அருகிலேயே அமைந்த வழி

மேற்கண்ட பணிகளில் பெரும்பாலானவற்றுக்கு நிபுணர் தேவையில்லை. பயிற்சி பெற்ற செவிலியரும் ஒரு பொது மருத்துவரும் போதும். கேரள அரசு 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கம், ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய நிலையங்களாக உயர்த்தியது. அவற்றில் ‘சுவாஸ்’ என்ற பெயரில் மூச்சு நோய்ப் பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டன. மூச்சுத்திணறலுடன் வருவோரைச் செவிலியர் இனம் காண்பதும், மூச்சின் விசையை அளப்பதும், இன்ஹேலர் பழக்குவதும், தொடர்ந்து வரச் செய்வதும் இவற்றின் பணி. தேசிய அளவில் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தின் வரம்பிலும் சி.ஓ.பி.டி. சேர்க்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’, நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளுக்கு மருந்தை வீட்டிற்கே கொண்டுசென்றது. மூச்சு நோய்க்கும் இம்முறை பொருந்தும்.

மருத்துவமனைக்கு வெளியே நோயைக் கவனிக்க முடியும் என்பதை உலகிற்கு மெய்ப்பித்ததே தமிழகம்தான். சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் நிறுவப்பட்ட காசநோய் ஆய்வு மையம், 1959இல் வெளியிட்ட முடிவுகளின் மூலம், மருந்து ஒழுங்காகச் சென்று சேருமாயின், ஏழைக் குடிலில் இருந்தபடி பெறும் சிகிச்சையும் சானடோரியச் சிகிச்சைக்கு ஈடாகும் என்று காட்டியது. அதன் உட்பொருள் மருந்தின் பெருமையன்று; வீடு தேடிச் சென்று விசாரித்த பணியாளர்களின் ஒழுங்கு. காசநோய்க்கு ஒவ்வொரு நோயாளியின் பெயரும் ஒரு பதிவேட்டில் உள்ளது. வராதவரைத் தேடுவது ஒருவரின் கடமையாக்கப்பட்டுள்ளது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு அத்தகைய பெயர்ப் பதிவே முதல் தேவை.

பணம் செல்லும் திசை

2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய திட்டம், குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்பது. விடுவிக்கப்பட்டபின் 15 நாட்கள் வரையிலான செலவும் அதில் அடங்கும். இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் பரிந்துரைக்கப்படும் முதல் சந்திப்பின் காலம் நான்கு வாரம் வரை நீள்கிறது. இரண்டாவது சந்திப்பு நான்காவது மாதத்தில். காப்பீடு படுக்கையைச் சுற்றி அமைந்துள்ளது. நோயோ படுக்கைக்கு வெளியே வாழ்கிறது. படுத்தால் பணம் உண்டு, படுக்காமலிருக்க உதவுவதற்கு ஏற்பாடு குறைவு என்ற நிலையில், ஏழைக் குடும்பம் மருத்துவமனையில் சேர்வதையே சிகிச்சை என்று எண்ணுவதில் வியப்பில்லை. ஒரு மாத இன்ஹேலரும் ஒரு நாள் கூலி ஈடும் அளிப்பதற்கு ஆகும் தொகையை, ஒரு வாரத் தீவிர சிகிச்சைக்கு ஆகும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மாவட்ட நிர்வாகங்கள் எளிதில் செய்யக்கூடிய கணக்கு.

நடைமுறைக்கு உகந்த சில யோசனைகள்

பெரும் முதலீடின்றிச் செய்யத்தக்கவை உள்ளன. நோயாளி விடுவிக்கப்படும் நாளிலேயே அவரது ஊர்க் குடும்ப ஆரோக்கிய நிலையத்திற்கோ தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ தகவல் சென்று சேர வேண்டும். சீட்டின் சுருக்கம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும். ஏழு நாட்களுக்குள் ஆஷா பணியாளரோ கிராமச் செவிலியரோ வீட்டிற்குச் சென்று ஆக்சிஜன் அளவைக் குறித்துவர வேண்டும். இரண்டு வாரத்திற்குள் மருத்துவர் சந்திப்பு உள்ளூரிலேயே நிகழ வேண்டும். நிபுணரின் கருத்து தேவைப்பட்டால் இ-சஞ்சீவனி போன்ற தொலைமருத்துவ வசதியால் பெறலாம். தோட்டங்கள் அடர்ந்த இடங்களில் வார விடுமுறை நாளிலோ மாலையிலோ மூச்சு நோய்ப் பிரிவு நடைபெற்றால் கூலி இழப்பு நேராது. மழைக்காலம் தொடங்கும் முன் பதிவேட்டில் உள்ள அனைவரிடமும் இரண்டு மாத மருந்து கையிருப்பும், இயன்றால் இன்ஃபுளுயன்சா தடுப்பூசியும் சேர்ந்திருக்க வேண்டும். இடுக்கி, தேனி மாவட்டங்களின் சுகாதார அலுவலர்களும், பாலக்காடு, கோவை அலுவலர்களும் மூன்று மாதத்திற்கொருமுறை கூடி, எல்லை கடந்த நோயாளிகளின் பட்டியலை ஒப்பிடுவது தொடக்கமாக அமையலாம்.

இவை அனைத்தையும் செய்தாலும் மறுசேர்க்கை முற்றிலும் ஒழியாது. முற்றிய நோயில் சில தாக்குதல்கள் தவிர்க்க இயலாதவை. அப்போது விரைந்து மருத்துவமனையில் சேர்ப்பதே சரியான சிகிச்சை. தவிர்க்கக் கூடியவற்றைத் தவிர்ப்பதும், தவிர்க்க இயலாதவற்றுக்கு வழி திறந்து வைப்பதுமே தொடர் கவனிப்பின் இலக்கு.

‘இரண்டு வாரம் கழித்து வரவும்’ என்ற வரி நோயாளியின்மீது மட்டும் ஒரு கடமையைச் சுமத்துகிறது. அதற்கு ஈடாக, ‘இரண்டு வாரத்திற்குள் இன்னார் உங்களைப் பார்ப்பார்’ என்று எழுதக்கூடிய நிலையை உருவாக்குவது நிர்வாகத்தின் பொறுப்பு. அந்த ‘இன்னார்’ என்ற இடத்தில் ஒரு செவிலியரின் பெயரும், அவர் பணிபுரியும் நிலையத்தின் பெயரும் நிரப்பப்படும்போதே எல்லைப்புற மலைநாட்டின் நுரையீரல் நோயாளிக்கு மருத்துவம் வீடுவரை வந்து சேர்ந்ததாகக் கொள்ளலாம்.